தமிழ் வழியே ஜெர்மன்: வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து மக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இன்னும் இருக்கிறது. "கறுப்பு, சாம்பிள், 53 ஜோடி" என்று நீல மையில் எழுதி, அதைச் சிவப்பு மையில் அடித்து 35 என்று திருத்தியிருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மெர்ச்சன்டைசராக வேலை பார்த்த காலம் அது. ஜெர்மன் பையர் போனில் எண்ணிக்கை சொன்னார்: "ஃபுன்ஃப்-உன்ட்-ட்ரைஸிஹ்". ஐந்து முதலில் காதில் விழுந்தது, முப்பது பிறகு விழுந்தது. விழுந்த வரிசையிலேயே 5, 3 என்று எழுதிவிட்டேன். 53 ஜோடிக்குத் தோல் வெட்டியாகிவிட்டது. வெட்டின தோலை ஒட்ட முடியுமா? கூடுதலாகப் போன 18 ஜோடியும் சாம்பிள் அறை அலமாரியில் கிடந்தன. அவற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனசு கனக்கும்.

அந்த வாரமே ஜெர்மனை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். அப்போது என் கையில் கிடைத்த புத்தகம், வீடியோ எல்லாமே ஆங்கிலம் வழியே ஜெர்மன் சொல்லித்தந்தவை. பல மாதம் அதில் தடுமாறிய பிறகுதான் ஒன்று புரிந்தது. ஜெர்மனில் நமக்குக் கஷ்டம் என்று சொல்லப்படுவதில் பாதி, ஆங்கிலக்காரர்களுக்குத்தான் கஷ்டம். வேற்றுமை உருபு, மரியாதைப் பன்மை, கடைசியில் வரும் வினை, சொல்லோடு சொல்லை ஒட்டுவது எல்லாம் தமிழனுக்குப் பிறந்த வீட்டுச் சங்கதி. ஆங்கிலம் என்ற வாசலைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகத் தமிழிலிருந்து போனால் வழி குறையும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த நம்பிக்கையில் எழுதியது.

ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். இது காதுக்கு ஒரு அடையாளம் மட்டும்தான். ஒவ்வொரு சொல்லையும் போனில் ஒருமுறை ஒலிக்கவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதற்காக, எந்த அளவுக்கு

ஐரோப்பிய மொழித்தர அளவில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். எல்லாருக்கும் ஆறும் வேண்டாம்.

தோல், ஷூ, உதிரிபாக ஏற்றுமதி அலுவலகத்தில் இருப்பவருக்கு ஏ2 கைவசம் இருந்தால் போதும். அதோடு தொழில் சொற்கள் ஒரு முந்நூறு. பையர் ஆங்கிலம் பேசுவார்தான். ஆனால் அவருடைய கிடங்குக்காரரும் கணக்குப் பிரிவும் அனுப்பும் தாள்கள் ஜெர்மனில் வரும். அங்கே வேலை செய்யும் கணவரோடோ மனைவியோடோ சேரப் போகிறவருக்குப் பொதுவாக விசாவுக்கே ஏ1 சான்றிதழ் கேட்பார்கள். 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டை வழியில் வேலை தேடப் போகிற பட்டதாரிகளுக்கு, மொழித் தகுதியாகக் குறைந்தது ஜெர்மனில் ஏ1, இல்லையென்றால் ஆங்கிலத்தில் பி2. செவிலியர்களுக்குப் பாதை நீளம். அங்கே முழு அங்கீகாரத்தோடு வார்டில் நிற்க பெரும்பாலும் பி2 வரை போக வேண்டும். வேலூரில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இதைக் கேட்டு மலைத்துப் போகிறார்கள். மலைக்க வேண்டாம், ஆனால் காலத்தைச் சரியாகக் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு இதுதான். ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனம் ஏ1-க்கு 80 முதல் 200 பாடவேளை, ஏ2 முடிய 200 முதல் 350, பி1 முடிய 350 முதல் 650 என்று சொல்கிறது. ஒரு பாடவேளை 45 நிமிடம். 350 பாடவேளை என்றால் சுமார் 262 மணி நேரம். "மூன்றே மாதத்தில் பி1" என்று யாராவது போர்டு வைத்திருந்தால், லீவே இல்லாமல் 90 நாளும் நாளைக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் வருகிற குறைந்தபட்சக் கணக்கு அது. வேலைக்குப் போகிறவருக்கு அது நடக்காது. தினம் ஒரு மணி நேரம் என்றால் நாலைந்து மாதத்தில் நல்ல ஏ1 வரும். அப்படித் திட்டமிடுங்கள்.

இரண்டாம் படி: காதும் வாயும், முதல் இரண்டு வாரம்

இலக்கணத்தைத் தொடாதீர்கள். முதலில் ஒலி.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதித்தான் தமிழைத் தொடங்கினார். பத்து வருடத்தில், 1716-இல், ஹாலே நகரத்தில் அவருடைய தமிழ் இலக்கணம் அச்சானது. அவர் வந்த வழியில்தான் நாம் திரும்பிப் போகிறோம். அதே வரிசையில் போவோம்: கேள், சொல், எழுது.

நமக்கு ஏற்கெனவே இருக்கிற ஒலிகள் பல. "அஃது" என்று சரியாகச் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் உரசி வருகிற அந்த ஆய்தம்தான் எட்டு என்று பொருள்படும் "ஆஹ்ட்" சொல்லில் வருவது. "நான்" என்று பொருள்படும் "இஹ்" சொல்லில் அதே உரசல் கொஞ்சம் முன்னால், அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் காற்றுப் போல வரும். "இக்" என்றோ "இஷ்" என்றோ சொல்ல வேண்டாம்.

தலையில் இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகள் புதுசு. புள்ளி வைத்த "ஊ"-வுக்கு வழி: வாயில் "ஈ" சொல்லிக்கொண்டே உதட்டை "ஊ"-வுக்குக் குவியுங்கள். நம் ஊர்ப் பேச்சில் "வீட்டாண்ட" என்பது "வூட்டாண்ட" ஆகிறதே, அந்த ஈக்கும் ஊவுக்கும் நடுவே ஓரிடத்தில்தான் இந்த ஒலி நிற்கிறது. புள்ளி வைத்த "ஓ" இதேபோல "ஏ"-வைச் சொல்லி உதட்டை "ஓ"-வாக்கினால் வரும். அலட்சியம் பண்ணாதீர்கள். புள்ளியில்லாத "ஷோன்" என்றால் "ஏற்கெனவே", புள்ளியோடு சொன்னால் "அழகு".

எழுத்தைப் பார்த்து ஆங்கிலமாக வாசிக்கும் பழக்கத்தை விட வேண்டும். ஆங்கில டபிள்யூ ஜெர்மனில் "வ". ஆங்கில வி பெரும்பாலும் "ஃப". இசட் எப்போதும் "ட்ஸ". ஜே "ய". இ-ஐ சேர்ந்தால் "ஐ", ஐ-இ சேர்ந்தால் "ஈ". சொல்லின் தொடக்கத்தில் எஸ்-டி வந்தால் "ஷ்ட்", எஸ்-பி வந்தால் "ஷ்ப்". வேலூர் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் பார்க்கும் ஜெர்மானியர் சிலர் "ஃபெலோரெ" என்று வாசிப்பார்கள். அவர் விதிப்படிதான் வாசிக்கிறார்.

நம்முடைய பெரிய பழக்கதோஷம் ஒன்று உண்டு. மெய்யில் முடியும் அந்நியச் சொல்லுக்குப் பின்னால் ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடுவோம். "பஸ்ஸு", "கேட்டு", "நோட்டு" மாதிரி. ஜெர்மனில் "நிஹ்ட்" என்பது அங்கேயே நிற்க வேண்டும். "நிஹ்ட்டு" ஆகக் கூடாது. வாயைச் சட்டென்று மூடிப் பழகுங்கள். "டாக்", "உன்ட்", "ஆபன்ட்" இந்த மூன்றையும் நாளைக்கு இருபது முறை சொன்னால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

கேட்பதற்குச் செலவு தேவையில்லை. ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே ஏ1-இலிருந்து பாடங்களை இலவசமாகத் தருகிறது. கொஞ்சம் முன்னேறியவர்களுக்கு மெதுவாக வாசிக்கும் செய்தியும் அங்கே உண்டு. ராணிப்பேட்டையிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் வருகிற நேரம் ஒரு பாடத்துக்குச் சரியாக இருக்கும்.

மூன்றாம் படி: எண்கள்

என் நோட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். எண்ணில்தான் வியாபாரம் கெடும், எண்ணில்தான் ரயில் தவறும்.

ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை, ஃபீர், ஃபுன்ஃப், ஸெக்ஸ், ஸீபன், ஆஹ்ட், நோய்ன், ட்ஸேன். இது ஒரு நாள் வேலை. எல்ஃப் 11, ட்ஸ்வொல்ஃப் 12. 13 முதல் 19 வரை சின்ன எண்ணோடு "ட்ஸேன்" சேரும். 20 ட்ஸ்வான்ட்ஸிஹ், 30 ட்ரைஸிஹ், 40 ஃபீர்ட்ஸிஹ், 50 ஃபுன்ஃப்ட்ஸிஹ்.

சிக்கல் 21-இல் தொடங்குகிறது. நாம் "இருபத்தி ஒன்று" என்போம். அவர்கள் "ஒன்றும் இருபதும்" என்பார்கள். 35 என்பது "ஐந்தும் முப்பதும்". எழுதும்போது முதலில் கேட்டதை வலப்பக்கம் போட்டு, இடப்பக்கம் இடம் விட்டுக் காத்திருங்கள். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித்தான் பழகினேன். பயிற்சிக்கு நம் ஊரில் ஒரு அருமையான வசதி இருக்கிறது: பெங்களூர் ரோடு. பஸ் ஜன்னலில் உட்கார்ந்து, கடந்து போகிற லாரி, கார் நம்பர் பிளேட்டில் உள்ள இரண்டு இலக்க எண்ணை ஜெர்மனில் சொல்லுங்கள். டிஎன் 23 என்றால் "ட்ரை-உன்ட்-ட்ஸ்வான்ட்ஸிஹ்". டிஎன் 73 என்றால் "ட்ரை-உன்ட்-ஸீப்ட்ஸிஹ்". ஒரு மாதம் இதைச் செய்தால் யோசிக்காமல் வரும்.

போனில் "ட்ஸ்வை", "ட்ரை" இரண்டும் ஒரே மாதிரி கேட்கும் என்பதால் அவர்களே இரண்டை "ட்ஸ்வோ" என்று மாற்றிச் சொல்வதுண்டு. நீங்களும் அப்படியே சொல்லுங்கள். நீளமான எண் வந்தால் "ஐன்ட்ஸெல்ன், பிட்டெ" என்று கேளுங்கள். ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். இந்த இரண்டு சொல் தெரிந்திருந்தால் அந்த 18 ஜோடி மிச்சமாகியிருக்கும்.

எழுத்திலும் ஒரு மாற்றம். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். ஆயிரத்துக்குக் காற்புள்ளி வைக்கும் இடத்தில் புள்ளி. தோல் கனம் 1,2 மி.மீ. என்றால் ஒன்று புள்ளி இரண்டு. 1.500 ஜோடி என்றால் ஆயிரத்து ஐந்நூறு. விலைப் பட்டியலை எக்செலில் ஏற்றும்போது இதைக் கவனிக்காவிட்டால் மொத்தக் கணக்கும் புரண்டுவிடும்.

நேரம் சொல்வதில் "ஹால்ப் ட்ரை" என்றால் "பாதி மூன்று". அது மூன்றரை இல்லை, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்று அவர்கள் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் 14:30 என்று எழுதிக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: முதல் வாக்கியங்கள்

"நீ", "நீங்கள்" என்ற வித்தியாசம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நீ என்பது "டூ", நீங்கள் என்பது "ஸீ". கடைக்காரர், அதிகாரி, பையர், டாக்டர் எல்லாருக்கும் "ஸீ". பெயருக்கு முன்னால் ஆணுக்கு "ஹெர்", பெண்ணுக்கு "ஃப்ராவ்", அதுவும் குடும்பப் பெயரோடு. பெரியவரோ மேலிடத்தில் இருப்பவரோ அவராகவே "டூ" என்று அழைக்கலாம் என்று சொல்லும்வரை நாம் இறங்கக் கூடாது. நம் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது தானாக வரும்.

வாய்க்குப் பழக வேண்டியவை: கூட்டன் டாக் (வணக்கம்), டாங்க்கெ (நன்றி), பிட்டெ (தயவுசெய்து, நன்றிக்குப் பதிலாகவும் இதுவே), என்ட்ஷுல்டிகுங் (மன்னிக்கணும்), வீ பிட்டெ? (என்ன சொன்னீங்க?), லாங்ஸாமர், பிட்டெ (கொஞ்சம் மெதுவா), இஹ் ஃபெர்ஷ்டேயெ நிஹ்ட் (எனக்குப் புரியவில்லை). கடைசி மூன்றும்தான் உயிர் காக்கும் வாக்கியங்கள். அவற்றைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கேட்டதும் அவர்கள் நிறுத்தி, திரும்பச் சொல்வார்கள்.

கடையில்: "இஹ் ஹெட்டெ கெர்ன்" என்று தொடங்கிப் பொருளைச் சொல்லுங்கள். "எனக்கு வேண்டும்" என்பதன் பணிவான வடிவம். "வாஸ் கோஸ்டட் டாஸ்?" இது எவ்வளவு. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் "ப்ஃபான்ட்" என்று போட்டிருந்தால் எறியாதீர்கள். ஒருமுறை பயன்படும் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள், கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்கும்.

தன்னை அறிமுகம் செய்வது தனியாகப் பழக வேண்டியது. "இஹ் ஹைஸெ..." (என் பெயர்), "இஹ் கொம்மெ ஔஸ் இன்டியன்" (இந்தியாவிலிருந்து வருகிறேன்), "இஹ் வோனெ இன் வேலூர்" (வேலூரில் இருக்கிறேன்). வினையின் வாலைப் பாருங்கள். இஹ் கொம்மெ, டூ கொம்ஸ்ட், எர் கொம்ட்: வருகிறேன், வருகிறாய், வருகிறான். ஆள் மாறினால் வால் மாறும் என்பது நமக்குச் சிறுவயது முதல் தெரிந்ததுதான்.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு இனிஷியல், அவர்களுக்கு முன்பெயரும் குடும்பப் பெயரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருந்தால், அங்கே ஊரே உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடும். திடுக்கிட வேண்டாம், திரும்பிப் பாருங்கள். விண்ணப்பம், தேர்வு, விமானச் சீட்டு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பது மாதிரியே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: டேர், டீ, டாஸ்

இது உண்மையிலேயே கஷ்டம், மறைக்கவில்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஆண்பால் டேர், பெண்பால் டீ, அஃறிணை மாதிரி ஒன்று டாஸ். மேசை ஆண், விளக்கு பெண். காரணம் தேடினால் தலை சுற்றும். ஆனாலும் "டாஸ் கின்ட்" என்று குழந்தையை அஃறிணையில் சேர்த்திருப்பதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. நாமும் "குழந்தை அழுகிறது" என்றுதானே சொல்கிறோம்.

சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், முன்சொல்லோடு சேர்த்தே செய்யுங்கள். நோட்டில் மூன்று நிற மை: டேர் நீலம், டீ சிவப்பு, டாஸ் பச்சை. வியாபாரத்தில் இருப்பவருக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. வினையிலிருந்து பிறந்து "-உங்" என்று முடியும் சொற்கள் டீ. ரெஹ்னுங் (இன்வாய்ஸ்), லீஃபெருங் (டெலிவரி), பெஷ்டெலுங் (ஆர்டர்), ட்ஸாலுங் (பணம் கட்டுவது), ஃபெர்ஷ்பேடுங் (தாமதம்). அலுவலகச் சொற்களில் பெரிய பங்கு இந்த ஒரே விதியில் அடங்கிவிடும்.

ஆறாம் படி: வேற்றுமை, நம் சொந்த வீடு

ஆங்கிலம் வழியே படிக்கிறவர்கள் கண்ணீர் விடும் இடம் இது. நமக்கு ஐ, கு தெரியும். சாம்பிளை என்பது இரண்டாம் வேற்றுமை, உங்களுக்கு என்பது நான்காம் வேற்றுமை. ஜெர்மனில் இதே வேலையை முன்சொல்லும் பிரதிப்பெயரும் செய்கின்றன. இரண்டாம் வேற்றுமையில் ஆண்பால் "டேர்" மட்டும் "டேன்" ஆகும். டீ, டாஸ் அப்படியே இருக்கும்.

எனக்கு "மீர்", உனக்கு "டீர்", உங்களுக்கு "ஈனன்", எங்களுக்கு "உன்ஸ்". இப்போது ஒரு வாக்கியம்: "இஹ் ஷிக்கெ ஈனன் டாஸ் முஸ்டர்." நான் உங்களுக்குச் சாம்பிளை அனுப்புகிறேன். கு-வும் ஐ-யும் எங்கே இருக்கின்றன என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதல்லவா?

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று. நமக்குக் குளிரும்போது "நான் குளிராக இருக்கிறேன்" என்றா சொல்கிறோம்? "எனக்குக் குளிருது" என்கிறோம். ஜெர்மனும் அதையேதான் சொல்கிறது: "மீர் இஸ்ட் கால்ட்." ஆங்கிலத்தை மனசில் வைத்து "இஹ் பின் கால்ட்" என்றால் ஈரமில்லாத மனுஷன் என்ற மாதிரி ஆகிவிடும். "எனக்கு இந்தக் கலர் பிடித்திருக்கிறது" என்பது "மீர் கெஃபெல்ட் டீ ஃபார்பெ". மீர், எனக்கு. கெஃபெல்ட், பிடிக்கிறது. கலர் எழுவாய், நான் நான்காம் வேற்றுமை. தமிழோடு அப்படியே ஒட்டும். இதைக் கண்டுபிடித்த அன்று, காட்பாடி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எனக்கு நானே பத்து முறை சொல்லிப் பார்த்தேன். எல்லா "எனக்கு"-வும் இப்படி வராது. "எனக்குப் பசிக்கிறது" என்பதை "இஹ் ஹாபெ ஹுங்கர்", அதாவது "நான் பசி வைத்திருக்கிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: வினை உட்காரும் இடம்

சாதாரண வாக்கியத்தில் வினைக்கு இரண்டாவது இடம். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடித்து வைத்த மாதிரி, அந்த இடம் அதற்குத்தான். முதலில் "நான்" வரலாம், "நாளைக்கு" வரலாம், எது வந்தாலும் அடுத்தது வினை. "இஹ் கொம்மெ மோர்கன்", "மோர்கன் கொம்மெ இஹ்" இரண்டும் "நாளைக்கு வருகிறேன்"தான்.

ஆனால் முடியும், வேண்டும் போன்ற துணைவினை வந்து இரண்டாம் சீட்டைப் பிடித்துக்கொண்டால், முக்கிய வினை கடைசிக்குப் போய்விடும். "ஏனென்றால்" என்று பொருள்படும் "வைல்" வந்தால் அதற்குப் பின்னால் வரும் பகுதியில் வினை முழுசாகவே கடைசி. "இஹ் கான் மோர்கன் நிஹ்ட் கொமன், வைல் இஹ் க்ராங்க் பின்." நாளைக்கு வர முடியாது, உடம்பு சரியில்லை. கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்து கேட்பது நமக்கு இயல்பு. "வருவேன்" என்கிறாரா "வரமாட்டேன்" என்கிறாரா என்று முடிவு வரை பார்க்கிறவர்கள்தானே நாம். "கூப்பிடுகிறேன்" என்பதற்கான வினை இரண்டாகப் பிளந்து, பாதி கடைசிக்குப் போகும்: "இஹ் ரூஃபெ ஸீ மோர்கன் ஆன்." அந்தக் கடைசி "ஆன்" இல்லாமல் வாக்கியம் முடியாது.

எட்டாம் படி: தொழில் சொற்கள்

முஸ்டர் (சாம்பிள்), லேடர் (தோல்), ஷூ (ஷூவேதான்), ஸோலெ (சோல்), நாட் (தையல் கோடு), ஃபுட்டர் (லைனிங்), ட்ஸுங்கெ (நாக்கு, ஷூவின் நாக்கும்), லைஸ்டன் (லாஸ்ட், அதாவது ஷூவுக்கு வடிவம் தரும் கால் அச்சு), ஆப்ஸாட்ஸ் (ஹீல்). கடைசிச் சொல்லில் கவனம்: கடிதத்தில் பத்திக்கும் அதே சொல், விற்பனைக்கும் அதே சொல். ஃபுட்டர் மாட்டுத் தீவனமும் ஆகும். இடம் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு "ப்ரூஃப்பெரிஹ்ட்". தோலில் "க்ரோம் ஸெக்ஸ்" (குரோமியம் 6 என்ற வேதிப்பொருள்) கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே முதல் நடப்பில் இருக்கிறது. நம் பகுதியிலிருந்து போகும் சரக்குக்கு இந்தத் தாள் இல்லாமல் பேச்சே இல்லை. அதனால் இந்தச் சொல்லை முதல் வாரமே படியுங்கள்.

நீளமான சொல்லைப் பார்த்து ஓட வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் வந்த ஒரு ஜெர்மன் சட்டத்தின் பெயர்: லீஃபர்-கெட்டன்-ஸோர்க்ஃபால்ட்ஸ்-ப்ஃப்லிஹ்டன்-கெஸெட்ஸ். எழுதும்போது நடுவில் கோடு கிடையாது, ஒரே சொல். சப்ளை, சங்கிலி, கவனம், கடமைகள், சட்டம். அங்குள்ள பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்களிடம் வேலையாட்கள் நிலை, சுற்றுச்சூழல் பற்றிக் கேள்வித்தாள் அனுப்புவதற்குப் பின்னால் இருப்பது இது. "தோல் பதனிடும் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கக் கட்டடம்" என்றால் கடைசிச் சொல்லான கட்டடம்தான் பொருள் என்று நமக்குத் தெரியும். அதேபோல் கடைசியிலிருந்து பிரியுங்கள். முன்சொல்லும் கடைசிச் சொல்லுடையதுதான். கெஸெட்ஸ் டாஸ், ஆகவே முழுச் சொல்லும் டாஸ்.

ஆங்கிலம் தெரிந்தவரை ஏமாற்றும் சொற்கள் சில. "எவென்டுஎல்" என்றால் "ஒருவேளை". பையர் "எவென்டுஎல் 500 ஜோடி" என்று எழுதினால் அது உறுதியான ஆர்டர் இல்லை, அதை நம்பித் தோல் வாங்கிவிடாதீர்கள். "ஆக்டுஎல்" என்றால் "தற்போதைய". "கிஃப்ட்" என்றால் விஷம். "ஹாண்டி" என்றால் செல்போன்.

டெலிவரித் தேதியை அவர்கள் நாளாகச் சொல்லாமல் வாரமாகச் சொல்வார்கள். "கா-வே 38" என்றால் வருடத்தின் 38-ஆவது வாரம். வாரம் திங்களில் தொடங்கும். வருடத்தின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அது 1. 2025-இல் கா-வே 38 என்பது செப்டம்பர் 15 முதல் 21 வரை. வார எண் போட்ட காலண்டர் ஒன்றை மேசையில் ஒட்டுங்கள். "பார்க்கலாம் சார், சீக்கிரம் அனுப்பிடறோம்" என்பது அங்கே பதிலாகாது. தள்ளிப்போகும் என்றால் எத்தனையாவது வாரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொன்னவரை அவர்கள் நம்புவார்கள்.

ஒன்பதாம் படி: ஒரு கடிதம்

தொடக்கம் ஆணுக்கு "ஸேர் கேயேர்டர் ஹெர்", பெண்ணுக்கு "ஸேர் கேயேர்டெ ஃப்ராவ்", பிறகு குடும்பப் பெயர், காற்புள்ளி. அடுத்த வரி சின்ன எழுத்தில் தொடங்கும். "ஃபீலன் டாங்க் ஃபுர் ஈரெ ஆன்ஃப்ராகெ" (உங்கள் விசாரணைக்கு மிக்க நன்றி). பிறகு நேராக விஷயம். குடும்ப நலம் விசாரிப்பு, நீண்ட மரியாதை வேண்டாம். "பிட்டெ பெஷ்டேடிகன் ஸீ டேன் டெர்மீன்" (தேதியை உறுதி செய்யுங்கள்). முடிவு "மிட் ஃப்ரோய்ன்ட்லிஹன் க்ரூஸன்", அதற்குப் பின் காற்புள்ளி இல்லை. பணம் பற்றிய வரியில் "ஸ்கோன்டோ" என்று இருந்தால் சீக்கிரம் கட்டுவதற்கான தள்ளுபடி. 14 நாளில் 2 சதவீதம், 30 நாளில் முழுத்தொகை என்பது அடிக்கடி பார்க்கும் வடிவம். அதைக் கவனிக்காமல், பணம் குறைந்து வந்திருக்கிறது என்று சண்டைக்குப் போய்விடக் கூடாது.

பத்தாம் படி: வகுப்பும் தேர்வும்

வேலூரில் வகுப்பு தேடும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: முதல் வகுப்பிலேயே உங்கள் வாயைத் திறக்க வைக்கிறாரா ஆசிரியர்? ஆறு வாரம் கழித்தும் மாணவர்கள் எழுதிக்கொண்டு மட்டும் இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

சென்னையில் கோத்தே நிறுவனம், அதாவது மாக்ஸ் முல்லர் பவன், நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரச் சொச்சம். தேர்வுக்கு முந்தின இரவே போய்த் தங்க முடிந்தால் நல்லது. ஏ1 தேர்வில் கேட்டல் சுமார் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20, பேசுதல் குழுவாக 15 நிமிடம் அளவில். நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. எழுதுவதில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், சுமார் 30 சொல்லில் சின்னக் கடிதம் எழுத வேண்டும். பேசுவதில் தன்னறிமுகம், பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வது, அட்டையிலுள்ள சொல்லை வைத்து ஒருவரை ஒருவர் கேட்பது, வேண்டுகோள் வைப்பது. பெயரில் "ழ" உள்ளவர்கள் அதை "ட்ஸெட், ஹா" என்று சொல்லிப் பழக வேண்டும். ஒய் வந்தால் "உப்ஸிலோன்", ஜே வந்தால் "யோட்", வி வந்தால் "ஃபௌ".

கடைசிப் படி: போனை எடுங்கள்

கடிதத்தைத் திருத்தலாம், போனைத் திருத்த முடியாது. அதனால்தான் இது கடைசி. அங்கே போனை எடுப்பவர் முதலில் தன் குடும்பப் பெயரைச் சொல்வார். நீங்களும் கூட்டன் டாக் சொல்லி, பெயர், கம்பெனி, ஊர் மூன்றையும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். பேசப்போவதை முன்பே நாலு வரியில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எண் வந்தால் வலமிருந்து எழுதி, அதைத் திரும்பச் சொல்லி, "ரிஹ்டிஹ்?" (சரியா?) என்று கேளுங்கள். நேரில் விடைபெறும்போது "ஔஃப் வீடர்ஸேயன்", மறுபடி பார்ப்போம். போனில் பார்ப்பது இல்லையே, அதனால் "ஔஃப் வீடர்ஹோரன்", மறுபடி கேட்போம். அதைச் சொல்லிவிட்டு, அவரும் திருப்பிச் சொன்ன பிறகு போனை வையுங்கள்.